யானையை விட வில்லைப் பாருங்கள்
மௌரியப் படையைக் காட்டும் சிறு உலோகப் பொம்மைத் தொகுப்பில் யானை மேல் அம்பாரி இருப்பதுதான் அசல் தோற்றம் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. போர் யானையில் பாகனோடு மூன்று வில்லாளிகள் இருந்தார்கள் என்பதுதான் மௌரிய அரசவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் வழியாக வந்த குறிப்பு. சாஞ்சித் தோரணச் சிற்பங்களிலும் ஆட்கள் யானை முதுகில் இருபுறமும் கால் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை விடுங்கள், நான் முதலில் பார்ப்பது காலாளின் வில்லை. ஆள் உயர வில்லைத் தரையில் ஊன்றி, இடது காலால் மிதித்து நாண் இழுப்பார்கள் என்று அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவர் நியார்க்கஸ் சொன்னதைப் பிற்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன் எழுதி வைத்திருக்கிறார். காரைக்குடியில் என் மேசையில் இருக்கும் 28 மி.மீ. உயரப் பொம்மைத் தொகுப்பிலோ வில் இடுப்பளவுதான். குதிரை வீரனுக்கு, அந்தக் காலத்தில் இல்லாத இரும்பு அங்கவடி (கால் வைக்கும் வளையம்) வேறு! முகமும் தலைப்பாகை மடிப்பும் அருமையான வார்ப்பு என்பதால் பாதி மார்க் போடலாம், அவ்வளவுதான். மேலே கருத்து எழுதிய ஒருவர் ‘பொம்மை கனமாக இருந்தால் நல்ல சரக்கு’ என்கிறார். கனம் கூடுவது பெரும்பாலும் ஈயத்தால். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய ஈயச் சிப்பாய்கள் கிடைத்தால் இடுக்குகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மர பீரோவுக்குள் பூட்டியே வைத்தால் மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரித்துவிடும். அந்தப் பொடி நஞ்சு. தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.