பழைய சர்க்கரையின் தடம் அழிந்துவிடுவதில்லை

சிறுவயதில் முதல் வகை நீரிழிவு சரியாகக் கவனிக்கப்படாமல் போயிருந்தாலும், இப்போது ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 7 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் பழைய கணக்கு தீர்ந்தது, கண் பரிசோதனைகூட வேண்டியதில்லை என்று சிலர் நினைப்பது சரியன்று.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை, முதல் வகை நீரிழிவுள்ள, 13 வயது முதல் 39 வயது வரையிலான 1,441 பேரிடம் நடந்த டிசிசிடி என்னும் நீரிழிவுக் கட்டுப்பாட்டு ஆய்வில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தும் தீவிர சிகிச்சை பெற்றவர்களின் சராசரி ஹெச்பிஏ1சி ஏறத்தாழ 7 ஆகவும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுடையது ஏறத்தாழ 9 ஆகவும் இருந்தன. ஆய்வு முடிந்த சில ஆண்டுகளில் இரு தரப்பாரின் அளவும் 8-ஐ ஒட்டி ஒன்றாகிவிட்ட பிறகும், முன்பு 9-இல் இருந்தவர்களுக்கே விழித்திரை, சிறுநீரகப் பாதிப்புகள் நெடுங்காலம் கூடுதலாக ஏற்பட்டன. அதற்காக, இனிக் கட்டுப்படுத்தி என்ன பயன் என்று கைவிடுவதும் தவறு. எந்த வயதில் குறைத்தாலும் மேற்கொண்டு சேரும் பாதிப்பு குறையவே செய்யும்.

பார்வை தெளிவாகத்தானே இருக்கிறது என்ற வாதமும் நிற்காது (இதைச் சொல்லாதவர்கள் குறைவு). விழித்திரைப் பாதிப்பு முற்றும்வரை பார்வையில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. மேலும், நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையை வேகமாகக் குறைக்கும்போது, ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு தற்காலிகமாக மோசமடையக்கூடும் என்பதால், சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனை அந்த நேரத்தில்தான் மிகவும் தேவைப்படுகிறது.