முதலில் புரட்டும் பக்கம்
“மரண அறிவிப்புகள் சமூக வலைத்தளத்துக்குப் போய்விட்டன, உள்ளூர்ப் பத்திரிகைக்கு இனி அந்த வேலை இல்லை” என்ற கட்டுரையாளரின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், ஸ்டாம்ஃபோர்டில் நான் குடியிருந்தபோது பக்கத்து வீட்டு மூதாட்டி 18ஆம் நூற்றாண்டிலிருந்து வெளிவரும் ‘ஸ்டாம்ஃபோர்ட் மெர்க்குரி’யை மரண அறிவிப்புப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவார். பூதக்கண்ணாடியை வரிவரியாக நகர்த்துவார். தெரிந்த பெயர் வந்தால் கத்தரித்து, இறுதிச் சடங்கு நாளைப் பென்சிலால் வட்டமிட்டு, சமையலறை நாட்காட்டியில் செருகிவைப்பார். “குடும்பத்தார் மட்டும் மலர் கொண்டுவரவும், மற்றவர்கள் நன்கொடை அளிக்கவும்” என்ற வரியைப் பார்த்துவிட்டுத்தான் பூ வாங்குவதா என்று முடிவு செய்வார். அவருடன் வேலை பார்த்த தோழி இறந்த செய்தியைக் குடும்பத்தார் இணையத்தில் மட்டும் போட்டார்கள். இவருக்குத் தெரிய மூன்று வாரம் ஆயிற்று. அன்று அவர் அழுததை நான் மறக்கவில்லை. கட்டுரை தொடாத இன்னொன்றும் உண்டு: பிறர் சொத்தைப் பொறுப்பேற்று நிர்வகிப்பவர்களுக்கான இங்கிலாந்தின் 1925ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டம், 27ஆம் பிரிவு. இறந்தவரின் சொத்தைப் பிரித்துக் கொடுப்பவர் அரசிதழிலும், நிலம் இருந்தால் அந்த வட்டாரப் பத்திரிகையிலும் அறிவித்து, கடன்காரர்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தந்தால்தான், பின்னால் தெரியாத கடன் கிளம்பும்போது அந்தப் பிரிவின் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்கும். வட்டாரப் பத்திரிகையே மூடப்பட்டுவிட்ட ஊரில் அந்த அறிவிப்பை யார் கண்ணில் படவைப்பது?