சக்கரக் கோளாறும் விமானி அறையின் கவனமும்

2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து சார்ஜா புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், சக்கரங்கள் போன்றவற்றைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பின் கோளாறு காரணமாக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமடித்துவிட்டு, 140க்கும் மேற்பட்டோருடன் பத்திரமாகத் தரையிறங்கியது. அந்த வட்டமடிப்பைப் பேராபத்தாகவே பலரும் பார்த்தார்கள். எரிபொருளைத் தீர்த்து எடையைக் குறைப்பதற்காகச் செய்த அந்தச் செயல்தான் பாதுகாப்பானது என்பது என் கருத்து.

சக்கரக் கோளாறு பெரும்பாலும் விமானிக்கு அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் விமானி அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தை நெருங்கிய யுனைடெட் 173 விமானத்தில், அரிப்பேறிய ஒரு பாகம் உடைந்ததால் வலப்பக்கச் சக்கரம் பெரும் சத்தத்தோடு இறங்கியது. அது சரியாகப் பூட்டிக்கொண்டதைக் காட்ட வேண்டிய பச்சை விளக்கும் எரியவில்லை. கேப்டன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றியபடியே அந்தக் கோளாறிலும் அவசரத் தரையிறக்க ஏற்பாடுகளிலும் மூழ்கிப்போனார். எரிபொருள் குறைந்துவருவதை விமானப் பொறியாளர் சொல்லத்தான் செய்தார். ஆனால் மூத்தவரை உடனே ஓடுபாதைக்குத் திருப்பும் அளவுக்கு அழுத்திச் சொல்லவில்லை. என்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்று, விமானம் ஓடுபாதையை எட்டாமலே விழுந்ததில் 10 பேர் இறந்தனர். சக்கரங்கள் ஒழுங்காக இறங்கிப் பூட்டியே இருந்தன என்பது விசாரணையில் தெரிந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் மயாமி அருகே, முன்சக்கர விளக்கின் பல்பு எரிந்துபோனதை விமானக் குழுவினர் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஈஸ்டர்ன் 401 விமானம் உயரம் இழப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை; 101 பேர் மாண்டனர்.

இளையவர் தயங்காமல் பேசவும் கேப்டன் அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் கற்பிக்கும் குழுப் பயிற்சி இத்தகைய விபத்துகளுக்குப் பிறகே பிறந்தது. மூத்தவருக்கு மறுபேச்சு பேசாததை மரியாதையாகக் கருதும் நம் சமூகத்தில், அந்தப் பயிற்சியைச் சடங்காக நடத்துவது மன்னிக்க முடியாத அலட்சியம்.

2011 நவம்பர் 1 அன்று வார்சாவில் சக்கரங்கள் இறங்காத நிலையில் போயிங் 767 விமானத்தை வயிறு உரசத் தரையிறக்கி, 231 பேரையும் காயமின்றிக் காப்பாற்றிய கேப்டன் ததேயுஷ் வ்ரோனாவைப் போலந்து கொண்டாடியது. ஆயினும் மாற்று முறையில் சக்கரங்களை இறக்குவதற்கான மின்சுற்றின் சர்க்யூட் பிரேக்கர், அதாவது மின் இணைப்பைத் தானே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச், துண்டித்த நிலையில் இருந்ததை எவரும் கவனிக்கவில்லை என்பதை அந்நாட்டு விசாரணை மறைக்காமல் பதிவு செய்தது. நம் நாட்டிலும் ஒவ்வொரு அவசரத் தரையிறக்கத்துக்குப் பிறகும், விமானியைப் பாராட்டுவதோடு நின்றுவிடாமல், விமானி அறையில் நடந்ததை விளக்கும் முழு அறிக்கையை மக்கள் முன் வைக்க வேண்டும்.