ஐஎஃப்எஸ்ஸுக்கு எம்.ஏ. தேவையில்லை

ஒருவர், ‘ஐஎஃப்எஸ் (இந்திய வெளியுறவுப் பணி) ஆகணும்னா எம்.ஏ. சர்வதேச உறவுகள் கட்டாயம், வெறும் அரசியல் அறிவியல் படித்தால் விண்ணப்பிக்கவே முடியாது’ என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். தப்பு. ஐஎஃப்எஸ்ஸுக்காக எழுத வேண்டிய யூபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வுக்கு ஏதாவது ஒரு இளங்கலைப் பட்டம் போதும், கடைசி ஆண்டு மாணவர்கள்கூட எழுதலாம். 2009 முதல் 2011 வரை வெளியுறவுச் செயலாளராக இருந்த ஐஎஃப்எஸ் அதிகாரி நிருபமா ராவ் எம்.ஏ. படித்தது ஆங்கில இலக்கியம்.

சரி, அந்தப் படிப்பு முதன்மைத் தேர்வில் நாமே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடத்துக்காவது உதவுமா என்றால், உதவும். ஆனால் அவர் சொல்கிற மாதிரி இல்லை. இதற்குப் பொருந்தும் விருப்பப் பாடத்தின் பெயரே ‘அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும்’தான், இரண்டு தாள், தலா 250 மதிப்பெண். முதல் தாள் முழுக்க அரசியல் கோட்பாடும் இந்திய அரசியலும்; ரால்ஸ், கிராம்சி, அம்பேத்கர் போன்ற சிந்தனையாளர்கள், கட்சி முறை எல்லாம் அங்கேதான் வரும். இரண்டாம் தாளில்தான் வெளியுறவு, அதிலும் ஒப்பீட்டு அரசியல் கலந்து கிடக்கும். ஆக, ‘வெறும்’ அரசியல் அறிவியல் என்று அவர் தள்ளிவிட்டதுதான் பாதிக்கு மேல்!

பெயரைப் பார்த்துப் படிப்பைத் தேர்வு செய்யாதீர்கள், தாள்களின் பட்டியலைப் பாருங்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இரண்டையும் சேர்த்தே எம்.ஏ. இருக்கிறது. அப்புறம், கல்லூரி ஆசிரியர் வேலையும் மனதில் இருந்தால் ஒரு விஷயம்: அதற்கான தகுதித் தேர்வான நெட் தேர்வில் அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் தனித்தனிப் பாடங்கள். சேரும் முன்னாலேயே வேலை விளம்பரங்களில் எந்தப் பட்டம் கேட்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.