ஜிம்மி ஹோகன்: பத்துக்கு ஒன்று போதாது என்றவர்

1953 நவம்பர் 25, லண்டனின் வெம்ப்ளி கால்பந்து மைதானம். ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று புரட்டி எடுத்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஹங்கேரியில் ஒரு காலத்தில் பயிற்சி கொடுத்த ஆங்கிலேயர் ஜிம்மி ஹோகனை ‘வியூக மேதை’ ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நடு முன்கள வீரர் ஹிடெக்குட்டியைப் பின்னால் இறக்கி ஆடவிட்டது ஹங்கேரியர்களின் சொந்த யோசனை. ஹோகன் கடைசிவரை பழைய 2-3-5 (பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர்) ஆசாமி. அவர் கவலையெல்லாம் காலும் பந்தும் சேரும் அந்த ஒரு கணத்தைப் பற்றித்தான்.

1882இல் லங்காஷயரில் பிறந்தவர். பர்ன்லி கிளப்புக்கு ஆடியபோது ஒரு ஷாட் கம்பத்துக்கு மேலே பறந்தது. காலை வைத்த விதம் தப்பா, உடம்பு சாய்ந்ததா என்று மேனேஜரிடம் கேட்டார். அடித்துக்கொண்டே இரு, பத்துக்கு ஒன்று விழுந்தால் போதும் என்றாராம் மேனேஜர்.

விடை ஒன்றும் ரகசியமில்லை. ஊன்றும் கால் பந்துக்குப் பின்னால் தங்கிவிட்டால் உடம்பு மல்லாக்கச் சாயும், பாதம் பந்தின் அடியில் படும், பந்து மேலே எழும்பும். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் இருக்கணும், அடிக்கிற முழங்கால் பந்துக்கு மேலே வரணும், கணுக்கால் இறுகியிருக்கணும், அடி நடுப்பந்தில் விழணும். அன்றைய இங்கிலாந்தில் இதைச் சொல்லித்தர ஆளில்லை. பயிற்சி என்றால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். வாரம் முழுக்கப் பந்தைக் கண்ணில் காட்டாமல் வைத்தால் சனிக்கிழமை ஆட்டத்தில் பசியோடு பாய்வார்களாம்!

1910இல் நெதர்லாந்தின் டோர்ட்ரெக்டுக்குப் பயிற்சியாளராகப் போனார். 1912இல் ஆஸ்திரியக் கால்பந்தை நடத்திவந்த ஹூகோ மைஸல் வியன்னாவுக்கு அழைத்தார். போர் வெடித்ததும் எதிரிநாட்டுக்காரர் என்று பிடித்துவைத்தார்கள். அங்கிருந்து புடாபெஸ்ட்டின் எம்.டி.கே. கிளப்புக்கு வந்து சேர்ந்தார். ஓர்த், பிரவுன் போன்ற இளசுகளுக்கு அவர் கற்றுக்கொடுத்தது: பந்தைத் தரையோடு வை, வரும் பந்தை ஒரே தொடுகையில் அடக்கு, இரண்டு காலாலும் ஆடு, பாஸ் கொடுத்த கையோடு நகரு. 1917 முதல் 1925 வரை ஹங்கேரி லீக் பட்டம் வேறு கிளப்புக்குப் போகவில்லை. இத்தனைக்கும் போர் முடிந்ததும் அவர் கிளம்பிவிட்டார்.

1934இல் சொந்த நாட்டில் ஃபுல்ஹாம் கிளப்பில் மேனேஜர் வேலை கிடைத்தது. அனுபவசாலிகளுக்கு எதற்குப் பாடம் என்று முணுமுணுப்பு. அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் கிடந்தவரை அப்படியே நீக்கினார்கள். பிறகு போன ஆஸ்டன் வில்லா கிளப்பை 1938இல் இரண்டாம் டிவிஷன் சாம்பியனாக்கினார். ஆக, இங்கிலாந்துக்காரனுக்கு ஏறாத பாடம் இல்லை அது.

வெம்ப்ளியில் ஹங்கேரி கேப்டன் புஷ்காஷ் உள்ளங்காலால் பந்தைப் பின்னுக்கு இழுத்தார், இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட் வெறும் புல்லில் சறுக்கிப் போனார், மூன்றாவது கோல். இதில் வியூகம் எங்கே? 71 வயது ஹோகன் பார்வையாளர் வரிசையில் இருந்தார், வில்லாவின் இளைய ஆட்டக்காரர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.