தின்ன முடியாத புதினாவை மேலே வைக்காதீங்க

கல்லடி, பாசிக்குடா, அறுகம்பை என்று கிழக்கிலங்கைக் கரையோரக் கடைகளில் இப்ப தேசிக்காய்த் தண்ணிக்கு மேலே ஒரு புதினாக் காம்பு குத்தி வருகிறது. வரவேற்க வேண்டிய பழக்கம்தான். ஆனால் பல கோப்பைகளில் அந்தக் காம்பு வாடி, ஓரம் கறுத்து, மணமே இல்லாமல் நிற்கிறது. குடிக்கிறவர் அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் குடிக்கத் தொடங்குகிறார். என்னுடைய கருத்து இதுதான்: தின்ன முடியாத, மணக்காத எந்த இலையையும் கோப்பைக்கோ கோப்பிக்கோ சோற்றுக்கோ மேலே வைக்கக் கூடாது. இல்லாவிட்டால் சும்மா விடுங்க, தேசிக்காய்த் தண்ணி தேசிக்காய்த் தண்ணியாகவே நன்றாக இருக்கும்.

புதினாவின் மணம் இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. அவை உடைந்தால்தான் மணம் வெளியே வரும். அதற்குப் பெரிய பலம் தேவையில்லை. நுனிக் காம்பை உள்ளங்கையில் வைத்து மற்றக் கையால் ஒரே ஒரு தட்டு, அது போதும். பிழை நடக்கிற இடம் இதற்கு எதிர்ப் பக்கம்: உரலில் போட்டு இடிப்பதும் பிளெண்டரில் அடிப்பதும். அப்போது இலையின் உட்பகுதியும் கிழிந்து பச்சைச் சாறு இறங்குகிறது. அந்தச் சாறு கசக்கும், காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் மண்ணிறமாகும். பிறகு கசப்பை மறைக்கச் சீனியைக் கூட்டுகிறார்கள்.

250 மில்லிலீட்டர் கோப்பை ஒன்றுக்கு 8 முதல் 10 இலை, ஒரு தேசிக்காய், 2 மேசைக்கரண்டி சீனிப்பாகு, ஒரு சிட்டிகை உப்பு. இலையையும் பாகையும் அடியில் போட்டு மரக்கரண்டியின் பின்பக்கத்தால் நாலைந்து தரம் மெல்ல அழுத்துங்க. இலை கிழியக் கூடாது, நசிந்தால் போதும். பிறகு தேசிக்காய்ச் சாறு, ஐஸ், குளிர்ந்த தண்ணி. தோல் வெள்ளை அகப்பட அழுத்திப் பிழிந்தால் தேசிக்காயும் கசக்கும், அந்தப் பழியைப் புதினா மேல் போடாதீங்க. மேலே வைக்கிற காம்பு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீள நுனியாக இருக்கட்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஐஸ் போட்ட பிறகு கடைசியில், ஸ்ட்ரோவுக்குப் பக்கத்திலேயே குத்துங்க. ஸ்ட்ரோ குட்டையாக இருந்தால் ஒவ்வொரு வாய்க்கும் மூக்கு புதினாவுக்குக் கிட்டப் போகும். குடிக்கிற சுவையில் பெரும் பங்கு மூக்கு வழியாகத்தான் வருகிறது. எதிர்ப்பக்க ஓரத்தில் குத்தினால் அது வெறும் சோடனை.

கலியாண வீடு, கதிர்காமப் பாதயாத்திரைக்காரருக்கான தண்ணீர்ப் பந்தல் போன்ற பெரிய கூட்டத்துக்கு ஒவ்வொரு கோப்பையாக நசிக்க முடியாது. அதற்குப் பாகு காய்ச்சுங்க. ஒரு கிலோ சீனிக்கு ஒரு லீட்டர் தண்ணி. சீனி கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, 100 கிராம் புதினாவைக் காம்போடு அமிழ்த்தி அரை மணித்தியாலம் மூடி வைத்து வடியுங்க. கொதிக்கும்போது போட்டால் மணம் ஆவியோடு போய்விடும். இரவு முழுக்க ஊறவிட்டால் வைக்கோல் வாடை வரும். வடித்த பாகு பிரிட்ஜில் ஒரு கிழமை நிற்கும்.

புரியாணிக்குப் பக்கத்தில் வைக்கிற புதினாச் சம்பலில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கம் மின்ச்சிச் சம்பல் என்றும் சொல்வார்கள். அரை மூடித் தேங்காய்ப் பூ, 3 பச்சைக் கொச்சிக்காய், 5 சின்ன வெங்காயம், ஒரு பல் உள்ளி, உப்பு ஆகியவற்றை முதலில் அரைத்துக்கொண்டு, 2 கோப்பை புதினா இலையைக் கடைசியில் போட்டு நாலைந்து சுற்றோடு நிறுத்துங்க. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு நெடுநேரம் அரைத்தால் கிரைண்டர் சூடாகி இலை கறுக்கும். தண்ணி தேவைப்பட்டால் ஐஸ் தண்ணி ஒரு கரண்டி. தேசிக்காய்ப் புளியைப் பரிமாறுகிற நேரத்தில் விடுங்க. புளி பட்ட பச்சை நேரம் போகப் போக மங்கும்.

தயிரோடு சேர்ப்பதற்கும் ஒரு சொல். நம்முடைய எருமைத் தயிர் கெட்டி, புதினாவும் வெள்ளரியும் அதற்கு நல்ல பொருத்தம். வெள்ளரியை உப்புப் பிரட்டிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிட்டுச் சேர்த்தால் தயிர் தண்ணியாகாது. புதினாவை ஈரம் போகத் துடைத்து, இலைகளை அடுக்கிச் சுருட்டிக் கூரான கத்தியால் ஒரே தரம் வெட்டுங்க. மொட்டைக் கத்தியால் திரும்பத் திரும்பக் கொத்தினால் வெட்டுப் பலகைதான் மணக்கும்.

எல்லா இலையும் பச்சையாக மேலே தூவுவதற்கு உரியதல்ல. மல்லி இலையின் மணம் சூட்டில் பறந்துவிடும். ஆகவே சூப்போ நோன்புக் கஞ்சியோ அடுப்பை அணைத்த பிறகே போட வேண்டும். அதன் காம்பை எறியாதீங்க, அரைப்புக்கு இலையை விடக் காம்பு நல்லது. கறிவேப்பிலை நேர்மாறு. அதற்குச் சூடான எண்ணெய் வேண்டும். கறிக்கு மேலே பச்சையாக ஒரு நெட்டு வைப்பதால் பயன் ஒன்றுமில்லை. மோர் மட்டும் விதிவிலக்கு. அங்கே உப்போடும் இஞ்சியோடும் கசக்கிப் போட்டால் நன்றாக மணக்கும். ரம்பையைச் சோற்றோடோ பாலோடோ வேகவிட வேண்டும், மேலே வைத்த ரம்பைத் துண்டு மணத்தைத் தராது.

கழுவுவதில் அக்கறை கட்டாயம் வேண்டும். வேகாத இலை நேரே வயிற்றுக்குப் போகிறது. அகன்ற பாத்திரத்தில் தண்ணி நிறைத்து இலையை அமிழ்த்தி அலசி, இலையை மேலே தூக்கி எடுங்க. பாத்திரத்தைச் சரித்து வடித்தால் அடியில் படிந்த மணல் திரும்ப இலையிலேயே விழும். மூன்று தரம். கடைசித் தரம் கொதித்தாறிய தண்ணியில். கிணற்றுத் தண்ணியில் ஒரு முக்கு முக்கி எடுப்பதைக் கழுவியதாகக் கணக்கெடுக்காதீங்க.

கட்டாக வாங்கியதை ஷொப்பிங் பேக்கில் இறுக்கிக் கட்டி வைத்தால் இரண்டாம் நாள் அழுகும். காம்பின் அடியை வெட்டி, 2 சென்டிமீட்டர் தண்ணியில் நிறுத்தி, மேலே பையைத் தளர்வாகக் கவிழ்த்துப் பிரிட்ஜில் வையுங்க. பழுத்த வாழைப்பழம், மாம்பழம் பக்கத்தில் வேண்டாம். அவற்றிலிருந்து வரும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கும். வாடியதை ஐஸ் தண்ணியில் பத்து நிமிடம் போட்டால் நிமிரும், கறுத்தது நிமிராது.

மலைநாட்டிலிருந்து லொறியில் வாடி வருகிற கட்டை நம்புவதை விடச் சட்டியில் வளர்ப்பது சுலபம். வாங்கிய கட்டிலேயே முற்றாத நாலு காம்பை எடுத்து, அடி இலைகளைக் கிள்ளித் தண்ணியில் வைத்தால் ஒன்றிரண்டு கிழமையில் வேர் விடும். நம்முடைய மணலில் ஈரம் நிற்காது, கூட்டெருவும் பழைய சாணமும் சரிபாதி கலவுங்க. வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காலை வெயில் மட்டும் படுகிற கிழக்குப் பக்கம், தண்ணி காலையும் மாலையும். பூ வந்தால் கிள்ளிவிடுங்க, பூத்த செடியின் இலை சிறுத்துப் போகும். மாரிக்குச் சட்டியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து, அடி ஓட்டை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்க. இலையின் அடியில் செம்மஞ்சள் புள்ளி கண்டால் அது துரு நோய். அந்தத் தண்டை அடியோடு வெட்டி எரித்துவிடுங்க, வேரிலிருந்து புதிதாகத் துளிர்க்கும்.