இன்றைய கஞ்சி உபயம்

ரமலானில் ஒரு நாள் கஞ்சிச் செலவு எங்கள் வீட்டுடையது. அத்தா காலத்திலிருந்து வரும் வழக்கம். சேலத்தில் பள்ளிவாசல் உள்ள தெருக்களில் இருப்பவர்களுக்குத் தெரியும், அஸர் (பிற்பகல் தொழுகை) நேரத்துக்கெல்லாம் தூக்குவாளியோடு வரிசை கட்டிவிடும். அதில் நோன்பு வைக்காத அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் நிறைய. நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கறி, கடைசியில் தேங்காய்ப்பால். வாசலில் ஒரு கரும்பலகை. "இன்றைய கஞ்சி உபயம்" என்று எழுதி, கீழே பெயர்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் முறை வந்த அன்று, பலகையில் முந்தைய நாள்காரர் பெயரே அழிக்காமல் இருந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் அவருக்கு துஆ (பிரார்த்தனை) செய்துகொண்டிருப்பதாக நானே கற்பனை செய்துகொண்டேன். (ஒருவரும் பலகையைப் பார்க்கவே இல்லை. எல்லார் கண்ணும் அண்டா மேல்தான்.) நேராகப் பாங்கு சொல்லும் மோதினாரிடம் போய்ச் சொன்னேன். வயதானவர், நோன்பு வேறு. தோள்துண்டால் பலகையைத் துடைத்துவிட்டு, சாக்பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்:

"இனிஷியல் போடணுமா தம்பி?"

"போடுங்க பாய்" என்றேன்.

"செயல்கள் எல்லாம் நிய்யத்தை (எண்ணத்தை) பொறுத்தே." உமர் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸைத்தான் இமாம் புகாரி தம் நபிமொழித் தொகுப்பில் முதலாவதாக வைத்தார். மதரஸாவில் ராகம் போட்டு மனப்பாடம் செய்தது, அதனாலேயே மரத்துப்போனது. என்னை உலுக்கியது இமாம் முஸ்லிமின் தொகுப்பில் வரும் வேறொன்று. மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூன்று பேர்: போரில் உயிரைக் கொடுத்தவர், குர்ஆனைக் கற்று ஓதிய ஆலிம், வாரி வழங்கிய செல்வந்தர். செல்வந்தர் "உனக்காகத்தான் கொடுத்தேன்" என்பார். "இல்லை, வள்ளல் என்று சொல்லப்படுவதற்காகக் கொடுத்தாய். சொல்லியாகிவிட்டது" என்று பதில் வரும். மூன்று பேருக்கும் ஒரே தீர்ப்பு, நரகம். இதைச் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) விம்மி மூர்ச்சையானார் என்று திர்மிதியின் தொகுப்பில் இருக்கிறது.

சொல்லியாகிவிட்டது. எனக்கு எழுதியே ஆகிவிட்டது, இனிஷியலோடு.

ரியாவுக்கு, அதாவது பிறர் பார்க்க வேண்டும் என்று நல்லது செய்வதற்கு, நம் ஆட்கள் சொல்லும் தமிழ்ச் சொல் முகஸ்துதி. வெளியே அதற்கு அடுத்தவரை முகத்துக்கு நேரே புகழ்வது என்று அர்த்தம். நம் ஹஜ்ரத்மார்கள் (மார்க்க அறிஞர்கள்) வாயில் அது தன் முகத்துக்குத் தானே துதி தேடுவதாக மாறிவிட்டது. எனக்கு இந்த இரண்டாவது அர்த்தம்தான் பிடிக்கும்.

சரி, இப்போது எதற்கு இதெல்லாம் என்றால், ஒவ்வொரு ரமலானிலும் முகநூலில் ஒரு சண்டை வரும். தர்மம் கொடுப்பதைப் படம் பிடித்துப் போடலாமா? "விளம்பரப் பிரியன்", "இக்லாஸ் (தூய எண்ணம்) இல்லாதவன்" என்று ஆளாளுக்கு ஃபத்வா. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அடுத்தவன் நெஞ்சைத் திறந்து பார்க்கும் சாவி உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. வெளிப்படையாகக் கொடுத்தாலும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது என்றுதான் குர்ஆனின் 2:271 சொல்கிறது. முளர் கூட்டத்து ஏழைகள் கிழிந்த உடையோடு மதீனாவுக்கு வந்தபோது, மதீனாவாசியான அன்சாரி ஒருவர் கை தாங்காத அளவு கனமான பையை எல்லார் முன்னாலும் தூக்கி வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவர, உணவும் துணியும் இரண்டு குவியலாகிவிட்டன. நபி (ஸல்) அவர்களின் முகம் பொன்போல மின்னியது. மக்களுக்காக ஒரு அமலை (நற்செயலை) விடுவதும் ரியாதான் என்று அந்தக்கால ஞானி ஃபுளைல் இப்னு இயாள் சொன்னதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "யாராவது பேசுவார்களே" என்று கொடுக்காமல் ஒதுங்குகிறவனும் மனிதர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆனால் வாங்குகிறவர் முகம் இருக்கிறதே, அது வேறு கணக்கு. அங்கே நமக்குப் பேச உரிமை இருக்கிறது, பேசித்தான் ஆக வேண்டும்.

2020-இல், கொரோனா நேரம். ஏற்காட்டில் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கட்டிக்கொண்டு நண்பர்களோடு போனோம். பைமேல் எங்கள் குழுவின் ஸ்டிக்கர். ஒரு அக்கா, இடுப்பில் குழந்தை. கொடுக்கும்போது நான்தான் போனைத் தூக்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையை மட்டும் மெதுவாக உயர்த்தி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். படத்தில் ஒரு கையும், குழந்தையின் காலும், நடுவில் எங்கள் ஸ்டிக்கரும். குழுவில் போட்டதும் ஒருவர் எழுதினார்: "சூப்பர், லோகோ தெளிவா விழுந்திருக்கு." நானும் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டேன்.

சொல்லிக்காட்டுவதையும் நோவினை செய்வதையும் 2:264 சேர்த்தே சொல்கிறது. இரண்டும் தர்மத்தைப் பாழாக்கிவிடும். அங்கே வரும் உவமை: மனிதர்கள் பார்க்கக் கொடுப்பவன், மேலே கொஞ்சம் மண் படிந்த வழுக்குப் பாறை. பெருமழை அடித்தால் வெறும் பாறை மிஞ்சும். மழைக்கு மறுநாள் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியவருக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். முந்தைய வாரம் பச்சைப் புல்லோடு இருந்த இடம் மொட்டையாக மினுங்கும், மண் முழுக்க ரோட்டில் கிடக்கும். அடுத்த வசனத்தில் இறைவனின் திருப்திக்காகக் கொடுப்பவர் வருகிறார். அவர் மேட்டு நிலத்துத் தோட்டம். பெருமழை பெய்தால் இரண்டு மடங்கு விளைச்சல், பெய்யாவிட்டால் தூறலே போதும். இரண்டு இடத்திலும் பெய்வது அதே மழைதான், ஆழத்தில்தான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றும். இது என் வாசிப்பு, தஃப்ஸீர் (குர்ஆன் விரிவுரை) என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹஜ்ரத் திட்டுவார்.

இந்த ரமலானில் பணம் கொடுக்கும்போது மோதினாரிடம் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தலையாட்டினார். மாலையில் போய்ப் பார்த்தால் பலகையில் அழகாக எழுதியிருக்கிறார்: "பெயர் சொல்ல விரும்பாத சகோதரர்." நின்று இரண்டு முறை படித்தேன். பக்கத்தில் யாராவது படிக்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டேன்.

பாங்கு சொல்லி நோன்பு திறந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கோப்பையை வைத்துவிட்டு, "கஞ்சி இன்னிக்கு நல்லா இருக்கு, யாரா இருக்கும் பாய்?" என்றார். பதில் தொண்டை வரை வந்தது. கஞ்சி ஆவி பறக்கச் சூடாக இருந்தது. ஊதாமல் ஒரு வாய் குடித்தேன்.